தத்த, தயத்வம், தாம்யத: ஆங்கிலக் கவிதையில் கேட்ட உபநிடத இடி

ஆலயத்தில் பூசை நிறைவு பெறும் வேளையில் குருக்கள் ‘ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி’ என்று சொல்லி முடிப்பதை நாம் அனைவரும் அறிவோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டபடியால் அச்சொல்லைப் பற்றி நின்று யோசிப்பவர் சிலரே. அதே சொல், மும்முறை அடுக்கி, 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கவிதையின் கடைசி அடியாக நிற்கிறது. அதை எழுதியவர் இந்தியர் அல்லர். இந்தியாவுக்கு ஒருமுறைகூடச் சென்றவரும் அல்லர். அமெரிக்காவில் பிறந்து, இலண்டனில் குடியேறி, அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்து வந்த டி. எஸ். எலியட் என்பவர். கவிதையின் பெயர் ‘த வேஸ்ட் லேண்ட்’. தமிழில் ‘பாழ்நிலம்’ எனலாம். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிய நூல் என்று பல்கலைக்கழகங்களில் இன்றும் பாடமாக வைக்கப்படுவது அது.

இந்தச் செய்தி நம் சமய மேடைகளில் அவ்வப்போது சொல்லப்படுவதுண்டு. “மேல்நாட்டுப் பெருங்கவிஞரே நம் வேதத்தின் முன் தலைவணங்கினார்” என்று பேச்சாளர் சொல்வார், கைதட்டல் எழும். நானும் கைதட்டியவர்களுள் ஒருவன்தான். ஆனால் ஆசிரியராக இருந்த பழக்கம் போகாது. சொன்னது சரியா என்று பார்த்துவிட வேண்டும். சரி பாதி உண்மை. எலியட் இந்து ஆகவில்லை, பௌத்தர் ஆகவும் இல்லை. 1927ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றுக் கடைசிவரை அச்சமயத்திலேயே உறுதியாக நின்றார். ஆயினும் நம்மிடமிருந்து எடுத்த சொற்களை அவர் அலங்காரத்துக்காக எடுக்கவில்லை. முறையாகப் பாடம் கேட்டு, பொருள் அறிந்து எடுத்தார். எடுத்த இடத்தில் அவற்றின் வரிசையையும் மாற்றி வைத்தார். அந்த மாற்றம், ஆலயத்துக்கும் அறப்பணிக்கும் பொருள் கொடுக்கிற நம்மைப் போன்றவர்களைத் தொடுகிற மாற்றம். ஆகவேதான் இலக்கியக் கூட்டத்தில் பேச வேண்டிய பொருளை இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

கடல் கடந்து போன நூல்கள்

முதலில், இச்சொற்கள் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1785ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான சார்ல்ஸ் வில்கின்ஸ் பகவத்கீதையைச் சமஸ்கிருதத்திலிருந்து நேரே ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் அதற்கு ஒரு முகவுரைக் கடிதம் எழுதினார். வணிகம் செய்யவும் ஆளவும் வந்தவர்கள் கையாலேயே நம் நூல் கடல் கடந்தது என்பது வேடிக்கையான உண்மை. பின்னர் அந்நூல் அமெரிக்கா சென்றது. எமர்சன் என்ற பேரறிஞர் 1857இல் ‘பிரம்மா’ என்று பெயரிட்டே ஒரு சிறு கவிதை வெளியிட்டார். கொல்வதாக நினைப்பவனும் கொல்லப்பட்டதாக நினைப்பவனும் உண்மை அறியாதவர்கள் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயமும் கடோபநிடதமும் சொல்லும் கருத்துதான் அக்கவிதையின் தொடக்கம். அவருடைய நண்பர் தோரோ வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுத் தனித்திருந்த காலத்தில் கீதையைப் படித்தார்.

இவர்களையெல்லாம்விட நமக்கு நெருக்கமானவர் எட்வின் ஆர்னால்ட். பூனாவில் அரசாங்கச் சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவராக இருந்து, இங்கிலாந்து திரும்பிப் பத்திரிகை ஆசிரியரானவர். 1879இல் புத்தர்பெருமானின் வரலாற்றை ‘ஆசியாவின் ஒளி’ என்ற பொருள்படும் தலைப்பில் நெடிய காவியமாகப் பாடினார். 1885இல் கீதையையும் செய்யுளாக்கினார். இலண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியடிகள் கீதையை முதன்முதலில் படித்தது ஆர்னால்டின் அந்தச் செய்யுள் நூலில்தான். புத்தர் காவியமோ தமிழுக்கே வந்துவிட்டது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘ஆசிய ஜோதி’ ஆர்னால்டின் நூலைத் தழுவியதே. பிம்பிசாரனின் வேள்விக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மந்தையில் நொண்டி ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து சென்ற புத்தரை என் வயதுடையவர்கள் தமிழ்ப் பள்ளியில் கவிமணியின் வாயிலாகவே அறிந்தோம். அது ஆங்கிலேயர் ஒருவரின் காவியத்தின் வழியாக நம்மிடம் வந்தது என்று அன்று யார் நினைத்தோம்?

அதே காவியம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வீடு ஒன்றின் புத்தக அலமாரியிலும் இருந்தது. அந்த வீட்டுப் பையன் அதை எடுத்துப் படித்தான். பிடித்துப்போய் மறுபடியும் படித்தான். அந்தப் பையன்தான் 1888இல் பிறந்த எலியட். தாம் சிறுவயதில் அந்நூலை விரும்பிப் படித்ததைப் பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் அவரே நினைவு கூர்ந்திருக்கிறார். ஆர்னால்டை இன்றைய ஆங்கில விமர்சகர்கள் மதிப்பதில்லை. இரண்டாந்தரக் கவி என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாந்தரக் கவி போட்ட விதை நாஞ்சில் நாட்டில் ஒரு காவியமாகவும் இலண்டனில் ஒரு காவியமாகவும் முளைத்ததே, அதற்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளமையில் டப்ளினுக்கு வந்த மோகினி சட்டர்ஜி என்ற வங்காளியிடம் வேதாந்தம் கேட்டார். 1912இல் தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதினார். மறு ஆண்டு தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் புரோகித சுவாமி என்பவரோடு உட்கார்ந்து பத்து உபநிடதங்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1937இல் வெளியிட்டார். மகாமேருவைப் பற்றியும் ஒரு கவிதை பாடியிருக்கிறார். யேட்ஸுக்கு இந்தியாவின் மேல் இருந்தது அன்பு. எலியட்டிடம் இருந்தது படிப்பு. இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியது படிப்பு.

ஹார்வர்டு மாணவர்

எலியட் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். 1911ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு ஆண்டுகள் சார்ல்ஸ் லான்மன் என்ற பேராசிரியரிடம் சமஸ்கிருதம் கற்றார். பாலி மொழியும் படித்தார். லான்மன் தம் மாணவருக்குப் பம்பாயில் அச்சான உபநிடதத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தார். பிறகு ஓராண்டு, பதஞ்சலியின் யோகசூத்திரத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வூட்ஸ் என்பவரிடம் யோக தத்துவம். அதன்பின் ஜப்பானியப் பேராசிரியர் அனெசாகியின் பௌத்த விரிவுரைகள்.

இலக்கணம் தொடங்கிச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பது என்றால் என்ன என்பது தேவாரத்தைப் பண்ணோடும் பதவுரையோடும் கற்றவர்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் என்பது சிறிய காலமன்று. நம்மில் எத்தனை பேர் நாள்தோறும் கேட்கும் மந்திரங்களில் ஒன்றின் பொருளையாவது அப்படி உட்கார்ந்து படித்திருக்கிறோம்? இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை படித்தபின் எலியட் என்ன சொன்னார் என்றால், இந்தியத் தத்துவத்தின் உள்ளே முழுமையாகச் செல்ல வேண்டுமானால் ஓர் அமெரிக்கனாகவோ ஐரோப்பியனாகவோ நினைப்பதையும் உணர்வதையும் தாம் மறந்தாக வேண்டும், அதற்குத் தாம் விரும்பவில்லை என்றார். 1934இல் வெளியான நூலொன்றில் இது இருக்கிறது. இதைப் படித்துச் சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது. வாசல்வரை வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அறிந்து, தம் நிலை இன்னதென்று ஒளிக்காமல் சொன்னவர் அவர்.

பற்றி எரிகிறது

‘பாழ்நிலம்’ சுமார் 430 அடிகள் கொண்டது; ஐந்து பகுதிகள். முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இலட்சக்கணக்கான இளைஞர்கள் மாண்டுபோன ஐரோப்பா. மழை பொய்த்த நிலம்போல் வறண்டுபோன மனிதர்கள். ஒருவரோடொருவர் பேசியும் பேசாதவர்கள். இதுதான் கவிதையின் உலகம்.

அதன் மூன்றாம் பகுதிக்குக் கவிஞர் வைத்த தலைப்பு ‘நெருப்புப் பேருரை’. பாலி மொழியில் ‘ஆதித்தபரியாய சுத்தம்’ என்பர். கயைக்கு அருகே கயாசீசம் என்னும் குன்றில், ஆயிரம் துறவிகளுக்குப் புத்தர் அருளியது அது. அந்த ஆயிரம் பேரும் சடைமுடியோடு அக்கினி வளர்த்து வழிபட்டு வந்தவர்கள்; காசியபர்கள் எனப்படும் மூன்று சகோதரர்களின் தலைமையில் புத்தரை அடைந்தவர்கள். வாழ்நாளெல்லாம் தீயை வளர்த்தவர்களிடம் புத்தர் தீயைப் பற்றியே பேசினார் பாருங்கள், அங்கேதான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. கண் எரிகிறது, கண் காணும் காட்சி எரிகிறது. செவி, நாசி, நாக்கு, உடல், மனம் எல்லாமே எரிகின்றன. எரிப்பவை ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் மூன்று என்பது அவ்வுரையின் சாரம். எலியட் இதை அன்பே இல்லாமல் கூடிப் பிரியும் இலண்டன் மனிதர்களின் கதைக்குத் தலைப்பாக வைத்தார். அப்பகுதியின் முடிவில் புத்தரின் எரிதலையும் கிறிஸ்தவத் துறவி அகஸ்டினின் வாக்குமூலத்தையும் அருகருகே நிறுத்தினார். அது தற்செயலாக நேர்ந்ததன்று என்று தம் குறிப்புரையில் சொல்லவும் செய்தார். புத்தரின் இந்த உரை, இயேசுவின் மலைப்பிரசங்கத்துக்கு ஒப்பான முக்கியத்துவம் உடையது என்பதும் அவர் குறிப்பில் உண்டு. 1922இல் ஓர் ஆங்கில நூலில் இப்படி எழுதியது சாதாரணமன்று.

இடி சொன்ன மூன்று சொற்கள்

இனி ஐந்தாம் பகுதி. 1921ஆம் ஆண்டின் கடைசியில் எலியட் மனம் தளர்ந்து, வங்கியில் விடுப்புப் பெற்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வந்தார். அங்கேதான் இப்பகுதி உருவாயிற்று. கங்கை வற்றிக் கிடக்கிறது. இலைகள் துவண்டு மழைக்குக் காத்திருக்கின்றன. தொலைவில் இமயத்தின் மேல் கருமேகம் திரள்கிறது. அப்போது இடி பேசுகிறது. அது பேசும் எழுத்து ஒன்றே: ‘த’. ‘தயை’ என்று சொல்லும்போது வாயில் வருகிற மெல்லிய ‘த’.

இது பிருகதாரண்யக உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், இரண்டாம் பிராமணத்தில் வரும் கதை. சுக்ல யஜுர் வேதத்தைச் சேர்ந்தது. (எலியட்டின் குறிப்பு ‘ஐந்து, ஒன்று’ என்று எண் கொடுக்கிறது, நம் பதிப்புகளில் தேடுவோர் ‘ஐந்து, இரண்டு’ என்று பார்க்க வேண்டும்.) கதை தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

பிரஜாபதிக்கு மூன்று வகைப் பிள்ளைகள்: தேவர், மனிதர், அசுரர். மூவரும் தந்தையிடமே பிரம்மச்சாரிகளாக இருந்து கற்றார்கள். படிப்பு முடிந்து போகும்போது தேவர்கள் வந்து, ‘எங்களுக்கு உபதேசம் செய்யுங்கள்’ என்று கேட்டார்கள். பிரஜாபதி ‘த’ என்று ஒரே எழுத்தைச் சொல்லி, ‘விளங்கிற்றா?’ என்றார். ‘விளங்கிற்று, அடங்கியிருங்கள், தாம்யத, என்றீர்கள்’ என்றனர் தேவர். ‘ஆம்’ என்றார் தந்தை. மனிதர்கள் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் அதே ‘த’. ‘கொடுங்கள், தத்த, என்றீர்கள்’ என்றனர் மனிதர். அதற்கும் ‘ஆம்’. அசுரர்கள் கேட்டபோதும் அதே எழுத்து; ‘இரக்கம் கொள்ளுங்கள், தயத்வம், என்றீர்கள்’ என்றனர் அவர்கள். அதற்கும் ‘ஆம்’. இன்றைக்கும் வானத்தில் இடி ‘த, த, த’ என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று உபநிடதம் முடிக்கிறது.

ஒரே எழுத்து, கேட்டவர் மனத்தில் எது குறையோ அதற்கு மருந்தாகப் பொருள் தந்தது. இன்பத்தில் மிதக்கும் தேவருக்கு அடக்கம் தேவை. கொடுமை மிக்க அசுரருக்கு இரக்கம் தேவை. மனிதருக்கு என்ன குறை? பற்று. கை மூடியே இருப்பது. ஆகவே ‘கொடு’.

ஆதிசங்கரர் இதற்கு உரை எழுதும்போது ஒரு படி மேலே போகிறார். தேவர், அசுரர் என்று வேறே யாரையும் தேட வேண்டாம் என்கிறார். மனிதருக்குள்ளேயே நற்குணம் பல இருந்தும் அடக்கம் இல்லாதவர் தேவர். உலோபம் மிகுந்தவர் மனிதர். பிறரை வருத்துகிறவர் அசுரர். ஆதலால் மூன்று உபதேசமும் மனிதராகிய நமக்கே. திருவள்ளுவரும் அடக்கமுடைமை, ஈகை, அருளுடைமை என்று மூன்றுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்திருப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இனி எலியட் செய்த மாற்றத்துக்கு வருவோம். உபநிடதத்தின் வரிசை: அடங்கு, கொடு, இரங்கு. எலியட்டின் வரிசை: கொடு, இரங்கு, அடங்கு. தத்த, தயத்வம், தாம்யத. சமஸ்கிருதம் தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொல்ல முடியாது. மூலத்தைத் தம் ஆசிரியரிடம் படித்தவர் அவர்; டாய்சன் என்ற ஜெர்மானிய அறிஞரின் மொழிபெயர்ப்பில் அக்கதை வரும் பக்கத்தின் எண்ணைக்கூடக் குறிப்பில் தருகிறார். ஆக, தெரிந்தே மாற்றினார். சங்கரர் சொன்னபடி கேட்பவர் அனைவரும் மனிதரே என்றால், மனிதருக்குரிய சொல்தானே முதலில் வர வேண்டும்? இது என் விளக்கம். எலியட் எங்கும் காரணம் சொல்லவில்லை. இசை நயத்துக்காக மாற்றினார் என்பாரும் உண்டு. ஆனால் கவிதையை மேலே படித்தால் என் பக்கத்துக்கே பலம் கூடுகிறது.

‘தத்த’ என்று இடி சொன்னதும், கவிஞர் உடனே நாம் எதைக் கொடுத்தோம் என்று கேட்கிறார். பதில் சங்கடமானது. அவர் பொன்னையோ பொருளையோ சொல்லவில்லை. ஒரு கணத்தில், துணிந்து, தன்னையே விட்டுக்கொடுத்த கொடை ஒன்றைச் சொல்கிறார். எச்சரிக்கையாக வாழ்ந்து கழித்த காலமெல்லாம் சேர்ந்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாதாம். அதனால்தான் நாம் உயிரோடு இருந்தோம் என்றே சொல்லலாமாம். ஆனால் அது இரங்கல் செய்தியில் அச்சாகாது. ஒருவர் இறந்தபின் வழக்கறிஞர் பிரித்துப் படிக்கும் உயிலிலும் இருக்காது.

இந்த இடத்தை முதன்முதலில் கவனித்துப் படித்தபோது எனக்கு நம் ஆலயச் சுவரில் பதித்த சலவைக் கற்கள் நினைவுக்கு வந்தன. செயற்குழுவில் இருக்கும் நான் அக்கற்களைக் குறைத்துப் பேச முடியாது, பேசவும் மாட்டேன். அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் கூரையும் இல்லை, கும்பாபிஷேகமும் இல்லை, மாதந்தோறும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவி பெறும் குடும்பங்களும் இல்லை. பெயர் எழுதுவது அடுத்தவரைக் கொடுக்கத் தூண்டும் என்பதும் அனுபவத்தில் கண்டதே. ஆனால் உபநிடதம் ‘தத்த’ என்று சொன்னது கல்லில் பொறிக்கக் கூடியதையா, பொறிக்க முடியாததையா? அன்னதானத்தன்று எல்லாரும் உண்டு போனபின் அண்டா கழுவுகிறார்களே சில பெண்மணிகள், அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ரசீது புத்தகத்திலும் இல்லை. எலியட் அவர்களைக் கண்டதில்லை. ஆனால் அவர் கவிதையில் கொடை என்று எதைச் சொல்கிறாரோ, அதற்கு உதாரணம் காட்டச் சொன்னால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது சொல்லான ‘தயத்வம்’ வரும்போது கவிஞர் சிறைச்சாலையை நினைக்கிறார். இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தில் கோபுரத்துக்குள் வைத்துப் பூட்டப்பட்ட ஒருவனின் கதை வருகிறது. அதன் சாயல் இது. ஒவ்வொருவரும் தம் தம் சிறையில் இருந்துகொண்டு சாவியையே எண்ணி எண்ணிச் சிறையை உறுதிப்படுத்துகிறோம் என்ற கருத்து. அசுரர்க்குச் சொன்ன உபதேசம் இங்கே தனிமையில் கிடப்பவனுக்குச் சொன்னதாகிறது. இரக்கமின்மை என்பது அடிப்பதும் கொல்லுவதும் மட்டுமல்ல, பக்கத்து அறையில் இருப்பவரை அறியாதிருப்பதும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதான ‘தாம்யத’வுக்கு ஒரு படகு. தேர்ந்த கைக்குப் பாய்மரப் படகு மகிழ்ந்து இணங்குவதைப் போல் மனமும் இணங்கியிருக்கும் என்கிறார். அடக்கம் என்றால் ஒடுக்குவது என்று நினைக்கிறோம். படகோட்டி படகை ஒடுக்குவதில்லையே! அப்போது அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் மனத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியையே மருந்தாகத் தந்தவர் என்பதும் இங்கே குறிப்பிடத் தக்கது.

பிறகு கவிதை முடிகிறது, மூன்று சாந்தியோடு. ஏன் மூன்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம்மால் வரும் துன்பம், பிற உயிர்களால் வரும் துன்பம், தெய்வச் செயலாக வரும் துன்பம் என்னும் மூன்றும் தணிய வேண்டி மும்முறை சொல்கிறோம். எலியட்டின் கவிதையில் சாந்தி மூன்றும் உண்டு. முன்னே வர வேண்டிய ‘ஓம்’ இல்லை. உபநிடதம் படித்தவருக்கு அது தெரியாமல் இருந்திராது. பிரணவத்தைச் சொல்லத் தமக்கு உரிமை இல்லை என்று விட்டாரோ? அல்லது மழை இன்னும் பெய்யாத, அமைதி இன்னும் வராத நகரத்துக்கு அது குறையாகவே இருக்கட்டும் என்று விட்டாரோ? இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘சாந்தி’ என்ற சொல்லுக்கு அவர் எழுதிய குறிப்பிலும் ஒரு செய்தி உண்டு. அறிவைக் கடந்த அமைதி என்று விவிலியத்தில் வருவதைக் காட்டி, அது இச்சொல்லின் உட்பொருளுக்குப் பலவீனமான மொழிபெயர்ப்பே என்று முதற்பதிப்பில் எழுதினார். பின்னாளைய பதிப்புகளில் அதை, எங்களிடத்தில் இதற்கு ஈடான தொடர் என்ற அளவில் மாற்றிவிட்டார்.

குருட்சேத்திரமும் இலண்டனும்

எலியட் கிறிஸ்தவர் ஆனபின் நம் நூல்களை மறந்துவிட்டாரா என்றால், இல்லை. 1929இல் தாந்தேயைப் பற்றி எழுதும்போது, தாம் அறிந்த தத்துவக் கவிதைகளுள் தாந்தேயின் காவியத்துக்கு அடுத்த பெருமை பகவத்கீதைக்கு என்றார். 1940, 1941ஆம் ஆண்டுகளில் இலண்டன்மேல் இரவிரவாகக் குண்டு விழுந்தது. எலியட்டும் விமானத் தாக்குதல் காவலராகத் தொண்டு செய்தார். அந்த நாள்களில் எழுதி 1941இல் வெளியிட்ட ‘த டிரை சால்வேஜஸ்’ என்ற நெடுங்கவிதையில் கிருஷ்ணரும் அர்ச்சுனனும் பெயரோடு வருகிறார்கள். அது ‘நான்கு குவார்ட்டெட்டுகள்’ என்ற அவருடைய கடைசிப் பெருநூலின் மூன்றாம் பகுதி.

உயிர் பிரியும் நேரத்தில் ஒருவன் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயம், ஆறாம் சுலோகம். நம் வீடுகளில் மரணப் படுக்கையில் இருப்பவரின் காதில் சிவநாமமோ நாராயண நாமமோ சொல்வது இதனால்தான். எலியட் இதை எடுத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்கிறார். ஒன்று, மரண நேரம் என்பது கடைசி நாளில் வருவது மட்டுமன்று, ஒவ்வொரு கணமும் அதுவே என்கிறார். இது கீதைக்கு மாறானதன்று. அடுத்த சுலோகத்திலேயே பகவான் ‘ஆகையால் எக்காலமும் என்னை நினை’ என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். குண்டு எப்போது விழும் என்று தெரியாத ஊரில் இருந்தவருக்கு அந்த அடுத்த சுலோகம் புத்தகப் படிப்பாக இருந்திராது.

இரண்டாவதுதான் முக்கியம். கீதையில் கடைசி நினைவின் பயன் நினைத்தவனைச் சேர்கிறது. அவன் அடுத்து எய்தும் நிலையை அது தீர்மானிக்கிறது. எலியட்டின் கவிதையிலோ அந்த நினைவின் கனி மற்றவர்களுடைய வாழ்க்கையில் பழுக்கிறது. அவனோ பலனை எண்ணாமல் மேலே செல்ல வேண்டியவன். ‘கருமத்தின் பலனில் உனக்கு உரிமை இல்லை’ என்ற இரண்டாம் அத்தியாய உபதேசத்தை எட்டாம் அத்தியாயத்தோடு இணைத்துவிட்டார். பலன் எனக்கில்லை என்றால் யாருக்கு? பக்கத்தில் இருப்பவருக்கு.

பண்டிதர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். சுலோகத்தை வளைத்துவிட்டார் என்பார்கள். அந்த ஆட்சேபணை நியாயமானதே. எலியட்டும் கிருஷ்ணர் சொன்னது இதுதானோ என்று ஐயத்தோடுதான் தொடங்குகிறார். ஆயினும் 1922இல் ‘கொடு’ என்பதை வரிசையில் முதலில் வைத்த அதே மனம் 1941இலும் வேலை செய்திருப்பதைப் பாருங்கள். இடையே சமயம் மாறியிருக்கிறது, வயது ஏறியிருக்கிறது, ஒரு போர் போய் இன்னொரு போர் வந்திருக்கிறது. நம் நூலிலிருந்து அவர் எடுத்துச் சென்ற பாடம் மாறவில்லை. 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, 1965இல் காலமானார்.

அவருக்குப் பின்னர் வந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஆலன் கின்ஸ்பெர்க் என்ற அமெரிக்கக் கவிஞர் 1962, 1963ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றி, காசியில் மாதக்கணக்கில் தங்கி, ஊர் திரும்பிக் கவியரங்குகளில் மந்திரம் பாடினார். பின்னாளில் திபெத்திய பௌத்தத்தில் சேர்ந்தார். அவருடைய நண்பர் கேரி ஸ்னைடர் ஜப்பானில் பல ஆண்டுகள் ஜென் பயிற்சி செய்தவர். அவர் கவிதையில் ஆரவாரம் குறைவு, சாரம் அதிகம். அக்காலத்தில் தாடியும் ருத்திராட்சமுமாகத் திரிந்த பலருடைய எழுத்து இன்று படிக்கத் தக்கதாக இல்லை. நமக்கு மிக நெருங்கியவர் ஏ. கே. ராமானுஜன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கன்னட வீரசைவ வசனங்களை 1973இலும் நம்மாழ்வார் பாசுரங்களை 1981இலும் ஆங்கிலக் கவிதைகளாகவே ஆக்கித் தந்தார். ஆங்கிலம் வழியாகவே படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கத் தக்க நூல்கள் அவை.

பிருகதாரண்யகத்தை மூலத்தோடு படிக்க விரும்புவோர்க்கு டாக்டர் இராதாகிருஷ்ணனின் ‘பிரதான உபநிடதங்கள்’ என்ற ஆங்கிலப் பதிப்பு உதவும். சமஸ்கிருத மூலத்தை ரோமன் எழுத்திலும் தந்திருக்கிறார். நான் சொன்ன பகுதி மூன்றே மந்திரங்கள். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஒரு யோசனை: பொருளை முதலில் சொல்லிவிடாமல், ‘பிரஜாபதி த என்றார், நீங்களாக இருந்தால் என்னவென்று எடுத்துக்கொள்வீர்கள்?’ என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது சமஸ்கிருதம் ஓர் எழுத்தும் அறியாத ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் தமிழ்க் காதோடு கேட்டு உடனே சொன்ன விடை: ‘தா என்கிறார், ஐயா. கொடு என்கிறார்.’